தீவில் எங்கே தங்குவது: கரையில் தொடங்கி அறையில் முடிக்கும் முழு வழிகாட்டி

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு விடுமுறை போக நினைப்பவர்கள் முதலில் ஒரு ஹோட்டல் படத்தில் மனதைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். நீச்சல் குளம், சாய்ந்த தென்னை, பின்னால் நீலக் கடல். அதை எனக்கு அனுப்பி "இது எப்படி?" என்று கேட்பார்கள். எந்த மாதம், தீவின் எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஒரு ஜூலையில் மொரீசியஸின் கிழக்குக் கரையில் ஐந்து இரவுக்கு ரூம் போட்டேன். கடலின் நிறம் படத்தில் பார்த்தபடியே இருந்தது. ஆனால் ஐந்து நாளும் காற்று ஓயவில்லை. மணலில் விரித்த துண்டின் நான்கு மூலையிலும் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்தால்தான் அது நிற்கும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் காதுக்குள் மணல். நான்காம் நாள் மேற்குக் கரையிலுள்ள ஃபிளிக் அன் ஃபிளாக்குக்குப் போனோம். அங்கே கடல் குளம் மாதிரி கிடந்தது. ஹோட்டல் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் கரையைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கும் மற்றவர்களுக்கும் நான் பார்க்கும் வரிசை இது: மாதம், கரை, கடலின் ஆழம், போய்ச் சேரும் வழி, ஊர், விடுதி, கடைசியாக அறை. முன்னால் இருப்பது தப்பினால் பின்னால் இருப்பதை வைத்துச் சரிசெய்ய முடியாது. அறை பிடிக்காவிட்டால் வேறு அறை கேட்கலாம், கரையை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பயணத் தேதி ஓரிரு வாரம் முன்பின்னாகவாவது தெரிந்திருக்க வேண்டும். விமானம் இறங்கும் மணி, திரும்பக் கிளம்பும் மணி இரண்டும் வேண்டும். தேதி மட்டும் போதாது, ஏன் என்பது 3-ஆம் படியில் வரும்.

கூட வருபவர்களில் படி ஏற முடியாதவர் யார், நீச்சல் தெரியாதவர் யார், படகில் வாந்தி எடுப்பவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், தினமும் செய்ய விரும்பும் ஒரே ஒரு காரியம். நீந்துவதா, மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் பார்க்கும் ஸ்நார்க்கெலிங்கா, சும்மா படுத்துக் கிடப்பதா, ஊர் சுற்றுவதா? "எல்லாமே" என்று எழுதினால் எந்த விடுதியைப் பார்த்தாலும் பொருத்தமாகத்தான் தெரியும்.

இவற்றோடு சேட்டிலைட் படம் காட்டும் ஒரு மேப்பும், அந்த ஊரின் கடல் ஏற்றவற்ற நேரத்தைக் காட்டும் ஓர் அட்டவணையும். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

1. மாதத்தை வைத்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

மலை உள்ள தீவில் ஒரே நாளில் இரண்டு வானிலை இருக்கும். கடல் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த மழை மறைவுப் பகுதிதான் இது.

ஹவாயின் பெரிய தீவில் கிழக்கே இருக்கும் ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே தீவின் வடமேற்கில் கோஹாலாக் கரையில் சில இடங்களில் 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. "ஹவாயில் மழை எப்படி?" என்று தேடினால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பருவக்காற்று அடிக்கும் இடங்களில் அமைதியான கரை மாதத்துக்கு மாதம் மாறும். இலங்கையில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெந்தோட்டை, உனவட்டுன, மிரிசை இருக்கும் தென்மேற்குக் கரை அமைதி. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா இருக்கும் கிழக்குக் கரை. தாய்லாந்தின் மேற்கில் புக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும். தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவில் மழை உச்சம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முக்கியமாக நவம்பர். ஜூலை விடுமுறைக்கு சமுயும் ஜனவரிக்கு புக்கெட்டும் பொருந்துவது இதனால்தான். நாடு முழுவதற்கும் ஒரே "சீசன்" என்று எடுத்துக்கொள்வது புதிதாகப் போகிறவர்கள் அதிகம் செய்யும் தப்பு.

சேஷெல்ஸில் இது கடற்கரை அளவுக்கே இறங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று. அதற்கு முகம் காட்டும் கரைகளில் அலை ஏறும், கடற்பாசி ஒதுங்கும். அப்போது அங்கே முக்கியத் தீவான மாஹேயின் வடமேற்கில் இருக்கும் பூ வலோன் கரை அமைதியாக இருக்கும். வடமேற்குக் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ்.

மாலத்தீவு போன்ற தட்டையான பவளத் தீவுகளில் மழையைத் தடுக்க மலையே இல்லை. அங்கே கரையை வைத்து மழையிலிருந்து தப்ப முடியாது, மாதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம்.

புயலையும் பாருங்கள். கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். அரூபா, பொனேர், குராசாவ் ஆகிய மூன்றும் தெற்கே ஒதுங்கியிருப்பதால் வழக்கமான புயல் பாதைக்கு வெளியே கிடக்கின்றன. மொரீசியஸ் பக்கம் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. பூமியின் சுழற்சி காற்றைத் திருகிவிடும் விசை அங்கே போதாது.

கரையில் என்ன ஒதுங்குகிறது என்பதும் இந்தப் படியிலேயே வரும். கரீபியனின் கிழக்கு பார்த்த கரைகளில் 2011 முதல் சர்காசம் பாசி குவியல் குவியலாக வந்து அழுகுகிறது. பாலியின் மேற்குக் கரையில், கூட்டா பக்கம், மழைக்காலத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது பிளாஸ்டிக் குப்பை சேரும். இரண்டுமே எந்த ஹோட்டல் படத்திலும் இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும், ஈரப் பக்கம் வீண் இல்லை. அருவியும் காடும் அங்கேதான். கடலுக்குள் இறங்கும் எண்ணமே இல்லாதவர்கள் தாராளமாக அங்கே தங்கலாம்.

2. அந்தக் கரையில் உண்மையிலேயே நீந்த முடியுமா என்று பாருங்கள்

நண்பர் ஒருவர் தான்சானியாவின் சான்சிபார் தீவில் கிழக்குக் கரையில் ஒரு விடுதியைக் காட்டினார். மேப்பைத் திறந்து சேட்டிலைட் படத்தைப் பெரிதாக்கினோம். விடுதியின் மணல், அதை ஒட்டி வெளிர்பச்சை, அப்புறம் பழுப்புத் திட்டுகள், வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. "அது என்ன கோடு?" என்றார். அலை உடையும் இடம், பவளத்திட்டின் விளிம்பு. அளவுகோலை வைத்துப் பார்த்தால் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கடல் வற்றும்போது அத்தனை தூரமும் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத வெளி. பஜே, ஜம்பியானி பக்கமெல்லாம் இப்படித்தான். அவர் தினமும் காலையில் நீந்த வேண்டும் என்று எழுதி வைத்திருந்தவர். எல்லா நேரமும் நீந்தலாம் என்று பெயரெடுத்த வடக்கு முனைக்கு, நுங்வி, கெண்ட்வாவுக்கு அவரை மாற்றினோம்.

நீங்களும் இதையே செய்யுங்கள். வெள்ளைக் கோடு கரையை விட்டுத் தள்ளி இருந்தால் உள்ளே லகூன், அதாவது பவளத்திட்டு அணைத்த ஆழமில்லாத கடல். அலை இருக்காது, சிறு குழந்தைகளுக்கு நல்லது, ஆனால் வற்றத்தில் ஆழம் போய்விடும். கோடு கரையிலேயே இருந்தால் திறந்த கடல். ஆழம் உண்டு, கூடவே அலையும் ஆளை இழுத்துப் போகும் நீரோட்டமும் உண்டு. புக்கெட்டின் மேற்குக் கரைகளில் மே முதல் அக்டோபர் வரை சிவப்புக் கொடி பறப்பது இந்த நீரோட்டத்துக்காகத்தான்.

அப்புறம் ஏற்றவற்ற அட்டவணையில் உங்கள் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் மிக ஆழமாக இறங்கும். தங்குவது நான்கே நாள், நான்கிலும் முற்பகலில் வற்றம் என்றால் கடலுக்கு இறங்குவது மாலையில்தான். ஏற்றத்தின் உச்சியில் எடுத்த படத்தைத்தான் விடுதிகள் போடும்.

3. விமானம் இறங்கும் மணியிலிருந்து கணக்குப் போடுங்கள்

தீவுகளில் "எவ்வளவு தூரம்?" என்பதைவிட "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்ற கேள்வி பெரியது. மாலத்தீவில் நீர்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்றைக்குப் பெரும்பாலும் கிடைக்காது, தலைநகர் மாலேயிலோ பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு போட்டாக வேண்டும். அன்றிரவுக்கும் ரிசார்ட்டில் பணம் கட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே இரவு, இரண்டு ரூம். வேகப்படகில் போய்ச் சேரும் தூரத்தில் ரிசார்ட் இருந்தால் இந்தச் சிக்கல் வராது, இருட்டிய பிறகும் படகு போகும்.

சாமான் எடையையும் இங்கேயே பாருங்கள். நீர்விமானத்தில் ஏற்றும் எடை பெரிய விமானத்தைவிடக் குறைவு, மீதிக்குக் கட்டணம்.

ஃபெர்ரி வழிகளில் காற்று காலத்தில் ஓட்டம் ரத்தாகும். அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) ஸ்வராஜ் (ஹேவ்லாக்), ஷாஹீத் (நீல்) தீவுகளுக்குப் போகும் படகுகள் மோசமான வானிலையில் நின்றுவிடும். அதனால் கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் தீவில் வையுங்கள். அன்று காலை சின்னத் தீவிலிருந்து கிளம்பி மத்தியானம் விமானம் ஏறும் திட்டம் நல்ல நாளில் நடக்கும். படகு நின்ற நாளில் விமானம் உங்களுக்காக நிற்காது.

ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல முறை டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் தேவை. ஆக, கடைசி நாள் கடலுக்கடியில் வேலை இல்லை, ஊருக்குள் தங்குவதால் ஒன்றும் இழப்பதில்லை.

4. கிலோமீட்டரை மணியாக மாற்றிவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

தீவுச் சாலைகள் கரையை ஒட்டி வளைந்து போகும். ஹவாயின் மௌயித் தீவில் கஹுலுயியிலிருந்து ஹானாவுக்கு 80 கிலோமீட்டர் சொச்சம்தான். வளைவுகள் 600க்கு மேல், ஒற்றை வண்டி மட்டும் போகும் பாலங்கள் பல. நிற்காமல் போனாலும் இரண்டரை மணி நேரம். பாலியில் விமான நிலையத்திலிருந்து உபுதுக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை, போக்குவரத்தில் ஒன்றரை மணி சாதாரணம்.

பார்க்க விரும்பும் ஐந்து இடங்களை மேப்பில் குறியுங்கள். அவற்றில் குறைந்தது மூன்று எந்த ஊரிலிருந்து 45 நிமிடத்துக்குள் இருக்கின்றனவோ அந்த ஊரில் தங்குங்கள். மேப் காட்டும் நேரத்தை உங்கள் பயண நாளின் காலை ஒன்பது மணிக்கு வைத்துப் பாருங்கள். நள்ளிரவில் பார்த்தால் காலிச் சாலையின் நேரத்தைக் காட்டும்.

ஐந்து நாளில் மூன்று தீவு என்று திட்டம் போடுபவர்களைத் தடுப்பதே எனக்குப் பாதி வேலை. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்ட, படகுக்குக் காத்திருக்க, ரூம் தயாராக என்று அரை நாள் போகும், பல நேரம் முழு நாளும். மூன்று இரவுக்குக் குறைவாக எங்கேயும் தங்காதீர்கள்.

5. தங்குமிடத்தின் வகையை முடிவு செய்யுங்கள்

தனித்தீவு ரிசார்ட் என்றால் சாப்பாடு, படகு, மருந்து எல்லாம் ஒரே கடை. வசதி உண்டு, வெளியே போய் மலிவாக வாங்க வழி இல்லை. ஊருக்குள் இருக்கும் விருந்தினர் விடுதியில் வெளியே சாப்பிடலாம், மனிதர்களைப் பார்க்கலாம், ஆனால் ஊரின் விதிகளுக்கு நீங்களும் கட்டுப்பட்டவர். மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் 2009-க்குப் பிறகுதான் விருந்தினர் விடுதிகள் பெருகின. அங்கே மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனியாக ஒதுக்கிய கரை உண்டு. ரிசார்ட் தீவுகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தனி வில்லா எடுப்பவர்கள் மேப்பில் உயரத்தைப் பார்க்க மறக்கிறார்கள். மலைச்சரிவு வில்லாவில் காற்றும் காட்சியும் அருமை. கடலுக்குப் போக ஒவ்வொரு முறையும் வண்டி, வாசலுக்குப் போக எழுபது படி. முட்டி வலி உள்ளவர் கூட வந்தால் இது நடக்காது. தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லாக்களில் பல மேடைகளுக்குக் கைப்பிடி இருக்காது. சின்னக் குழந்தை இருந்தால் மணலில் இருக்கும் அறையே போதும். சில ரிசார்ட்டுகள் தண்ணீர் மேல் வில்லாக்களில் குழந்தைகளை அனுமதிப்பதும் இல்லை.

6. மொத்தத் தொகையைக் கூட்டுங்கள்

ஓர் இரவுக் கட்டணத்தை ஒப்பிடாதீர்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் மேலே வரும். படகோ நீர்விமானமோ பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு. மாலத்தீவில் ஆளுக்கு, இரவுக்கு என்று பசுமை வரியும் உண்டு.

ஒரு தாளில் எழுதுங்கள்: எல்லா இரவுகளும், எல்லா ஆட்களும், போகவர, வரி, மூன்று வேளைச் சாப்பாடு, வெளியே போக வண்டி. மலிவாகத் தெரிந்த தொலைதூர விடுதி இந்தத் தாளில் மேலே ஏறிவிடும். தனித்தீவில் காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த திட்டத்தை எடுக்காதீர்கள், மற்ற இரண்டு வேளைக்கும் அங்கேயே கேட்ட விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

7. ரிவியூக்களை மாதம் பார்த்துப் படியுங்கள்

மொத்த மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். நீங்கள் போகும் மாதத்தில், கடந்த இரண்டு ஆண்டுக்குள், போனவர்கள் எழுதியதை மட்டும் எடுங்கள். பிப்ரவரியில் போனவரின் ஐந்து நட்சத்திரம் ஆகஸ்டில் போகும் உங்களுக்கு எதையும் சொல்லாது.

ரிவியூக்குள் சில சொற்களைத் தேடுங்கள்: கட்டுமானம், ஜெனரேட்டர், கொசு, மணல் ஈ, வற்றம், பாசி, வாடை, இசை. சேவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹவாயின் கவாயித் தீவு முழுக்கக் காட்டுக்கோழிகள் திரிகின்றன, அவை விடியும்வரை காத்திருப்பதில்லை.

விருந்தினர்கள் எடுத்த படங்களில் கடலைவிடக் குளியலறை மூலையையும் கூரையையும் பாருங்கள். ஈரக் காற்றில் பராமரிப்பு இல்லாத அறையை அங்கே படியும் கருப்புப் பூஞ்சையே காட்டிக்கொடுக்கும்.

8. இப்போது அறை

"கடல் காட்சி" என்றால் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் என்றும் பொருள் கொள்ளலாம். "ஓஷன் ஃப்ரண்ட்" என்றால் முன்னால் கடல் இருக்கும், அது பாறைக் கரையாகவும் இருக்கலாம். மணல் வேண்டுமென்றால் "பீச் ஃப்ரண்ட்" என்ற சொல் இருக்க வேண்டும், சேட்டிலைட் படத்திலும் அது தெரிய வேண்டும்.

மேற்கு பார்த்த அறையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். பிற்பகல் முழுக்க அறை அடுப்பு. பகலில் தூங்கும் குழந்தை இருந்தால் கிழக்கு பார்த்ததோ தோட்டம் பார்த்ததோ நல்லது. தரைத்தளத்தில் ஈரமும் பூச்சியும் அதிகம், முதல் மாடியில் காற்று.

9. விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்

இரண்டோ மூன்றோ விடுதிகள் மிஞ்சியபின் ஒவ்வொன்றுக்கும் ஒரே கடிதம். எங்கள் தேதியில் உங்கள் கரையில் கடல் எப்படி இருக்கும்? வற்றத்தின்போது எங்கே நீந்துகிறார்கள்? பக்கத்தில் கட்டுமானம் நடக்கிறதா? எங்கள் விமானம் இத்தனை மணிக்கு இறங்கும், படகு உண்டா? வானிலையால் படகு நின்றால் முதல் இரவுக் கட்டணம் என்ன ஆகும்?

"கடல் எப்போதும் அழகு" என்று வரும் பதிலை நான் ஒதுக்கிவிடுவேன். "அந்த மாதம் எங்கள் கரையில் கொஞ்சம் அலை இருக்கும், வடக்கே பத்து நிமிடம் நடந்தால் அமைதியான இடம் உண்டு" என்று எழுதியவரிடம் பதிவு செய்வேன்.

10. பதிவு செய்யும் வரிசை

முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை, அடுத்து விமானம், அதற்குப் பிறகு படகு, அதுவும் உறுதியானபின் திரும்பக் கிடைக்காத மலிவுக் கட்டணத்துக்கு மாறுவதா என்ற யோசனை. மலிவு என்று முதலில் அறைக்குப் பணம் கட்டியவர்கள், அந்த மணிக்குச் சேரும் விமானம் கிடைக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். ரத்து செய்யக் கடைசித் தேதி எந்த நாட்டு நேரப்படி என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் விடுதியின் குறி தப்பான இடத்தில் இருப்பது தீவுகளில் சகஜம். சரியான இடத்தை விடுதியிடமே கேட்டு வாங்குங்கள். படகுத்துறையின் பெயர், படகு கிளம்பும் மணி, விடுதியின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் போனில் சிக்னல் இல்லாமல் போகும் இடம் பெரும்பாலும் அந்தத் துறைதான்.